ஐஸ் ஹாக்கி வாதமும் ஓர் எக்ஸெல் பைலும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் முதலில் என்ன செய்கிறார்கள்? சினிமா பார்க்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், போனில் எடுத்த போட்டோக்களைக் கொண்டு வந்து நிரப்புகிறார்கள். எக்ஸெல் ஐகான் ஓர் ஓரத்தில் இருக்கும். அது ஆபீஸ் போகிறவர்களுக்கானது என்று யாரும் தொடுவதில்லை. ஆனால் 71 வயதில் தன் முதல் லேப்டாப்பை வாங்கிய ஒருவர், வாங்கிய மறுநாளே எக்ஸெல்லைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அவருக்கு வரவு செலவுக் கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை. ஒரு விளையாட்டு வாதத்தில் ஜெயிக்க வேண்டும். அந்த வாதத்தின் முடிவில் அவருடைய பேரனின் படிப்பும் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் இன்ஜினியரிங் முடித்து சாப்ட்வேர் வேலையில் சேர்ந்தவன். 2022 இறுதியில் ஒரு புராஜக்ட்டுக்காகக் கனடாவின் ஒட்டாவா நகருக்கு அனுப்பினார்கள். அங்கே கனாட்டா என்ற பகுதியில் சாப்ட்வேர் கம்பெனிகள் நிறைய உண்டு. ஒட்டாவா செனட்டர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியின் ஸ்டேடியமும் அதே கனாட்டாவில்தான் இருக்கிறது. ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டை வாடகைக்கு எடுத்தேன். மாடியில் வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். செனட்டர்ஸ் ரசிகர். ஆட்ட விவரங்களை ஆண்டுக்கணக்காக நோட்டுப் புத்தகங்களில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். என்னை "யங் மேன்" என்றுதான் அழைப்பார். கடைசி வரை என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை.

எதைப் பற்றி இந்த வாதம்?

ஐஸ் ஹாக்கி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பனித் தளத்தில் ஒவ்வொரு அணியிலும் கோல் கீப்பரைச் சேர்த்து ஆறு பேர். பந்துக்குப் பதில் பக் என்ற தட்டையான ரப்பர் வில்லை. கோல் போட்டவருக்கு ஒரு பாயின்ட். அந்தக் கோலுக்கு முன்னால் பக்கைக் கடத்திக் கொடுத்தவர்களில் அதிகபட்சம் இரண்டு பேருக்கு அசிஸ்ட் என்று ஆளுக்கு ஒரு பாயின்ட். தொழில்முறையில் உச்சம் என்.எச்.எல். என்ற லீக். 18 வயதாகும் இளைஞர்களை அதன் அணிகள் ஆண்டுதோறும் ஜூன் வாக்கில் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். இதற்கு டிராப்ட் என்று பெயர். செப்டம்பர் 15-க்குள் 18 முடிந்திருக்க வேண்டும்.

ஆகவே ரசிகர்கள் வருடம் முழுவதும் செய்யும் வேலை, 17 வயதுப் பையன்களைப் பார்த்து "இவன் தேறுவானா, மாட்டானா" என்று சண்டை போடுவது. நம் ஊரில் ரஞ்சி டிராபியில் இரண்டு சதம் அடித்த பையனைப் பற்றி டீக்கடையில் நடக்குமே, அதே சூடு. அங்கே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் காபிக் கடையில் நடக்கும். நானும் இரண்டு மூன்று முறை போய் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் அடிக்கடி எடுக்கும் உதாரணம் அலெக்ஸ் டெப்ரின்கட். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்காரர். 1997 டிசம்பர் 18-ல் பிறந்தவர், என் வயது. உயரம் 5 அடி 7 அங்குலம். பெரிய உடம்புகள் மோதிக்கொள்ளும் இந்த ஆட்டத்தில் இது குள்ளம். கனடாவின் ஒன்டாரியோ ஹாக்கி லீகில் 16 முதல் 20 வயது வரை உள்ள பையன்கள் ஆடுகிறார்கள். அதற்கும் தனியாக ஒரு தேர்வு உண்டு. அந்தத் தேர்வில் டெப்ரின்கட்டை எந்த அணியும் எடுக்கவில்லை. எரீ ஆட்டர்ஸ் என்ற அணி அவரைப் பிறகு தனியாக ஒப்பந்தம் செய்தது. முதல் சீசனிலேயே 51 கோல்.

அங்கேதான் சண்டை ஆரம்பம். அந்த 2014-15 சீசனில் எரீ அணியில் கானர் மெக்டேவிட் இருந்தார். இன்று உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர்; அப்போது 18 வயது, 47 ஆட்டங்களில் 120 பாயின்ட். டைலன் ஸ்ட்ரோமும் அதே அணி. 68 ஆட்டங்களில் 129 பாயின்ட், அந்த ஆண்டு லீகிலேயே அதிகம். "இப்படிப்பட்டவர்கள் பக்கைக் கொண்டு வந்து கொடுத்தால் யார்தான் கோல் போட மாட்டார்கள்? பையன் குள்ளம். பெரியவர்கள் லீகில் நசுங்கிவிடுவான்." ஒரு கட்சி இப்படிச் சொன்னது. 2016 ஜூனில் பஃபலோ நகரில் நடந்த டிராப்ட்டில் முதல் சுற்றின் 30 பெயர்களில் டெப்ரின்கட் இல்லை. மறுநாள் 39-வதாக சிகாகோ பிளாக்ஹாக்ஸ் எடுத்தது.

2022 ஜூலையில் அதே டெப்ரின்கட்டை ஒட்டாவா வாங்கியது. விலையாகச் சிகாகோவுக்குக் கொடுத்தது மூன்று டிராப்ட் வாய்ப்புகள். அதில் ஒன்று அந்த ஆண்டின் 39-வது இடம்! வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லி மாளாது.

ஆனால் அவர் உண்மையில் பேசிக்கொண்டிருந்தது டெப்ரின்கட்டைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. அவருடைய பேரன் 2007-ல் பிறந்தவன். நன்றாக ஆடுவான். உயரம் 5 அடி 5 அங்குலம். 2023 ஏப்ரலில் ஒன்டாரியோ லீகின் தேர்வு வரவிருந்தது. பேரன் அதில் போக வேண்டும் என்பது தாத்தாவின் கட்சி. அவருடைய மருமகனோ, பையன் பள்ளியில் படித்துவிட்டு அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து அங்கே ஹாக்கி ஆடட்டும் என்றார். அப்போதிருந்த விதிப்படி இரண்டும் சேர்ந்து நடக்காது. ஒன்டாரியோ லீகில் ஆடியவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் இடமில்லை. இந்த விதியை மாற்றும் முடிவு 2024 நவம்பரில்தான் எடுக்கப்பட்டு, 2025 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. 2023 ஜனவரியில் அந்தக் குடும்பத்துக்கு இது தெரிய வழியில்லை.

லேப்டாப் வந்தது அந்த ஜனவரியில்.

முதல் தடுமாற்றம்: ஆட்டக்காரரின் உயரம் 45053

நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வீட்டுக்காரரே டைப் செய்தார், ஒரு விரலால். முதல் செல்லில் பெயர். அடுத்ததில் உயரம். ஐந்து அடி ஏழு அங்குலத்தை அங்கே எல்லோரும் எழுதுவதுபோல 5-7 என்று அடித்து என்டர் தட்டினார். செல்லில் மே 7 என்று வந்து நின்றது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடி மே 7.

புதியவர்கள் எல்லோரும் ஒருநாள் இதில் மாட்டுவீர்கள். நடுவே கோடு போட்ட இரண்டு சிறிய எண்களைப் பார்த்தால் எக்ஸெல் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். இந்திய முறையில் தேதி அமைத்த கம்ப்யூட்டரில் அது ஜூலை 5 ஆகும். சரி, பார்மட்டை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடலாம் என்று நான் மாற்றினேன். 45053 என்று வந்தது! எக்ஸெல் தேதிகளை உள்ளுக்குள் வரிசை எண்ணாக வைத்திருக்கிறது. 2023 மே 7-ன் எண் 45053. "இவ்வளவு உயரமா? முதல் சுற்றிலேயே எடுத்திருப்பார்களே" என்றார் பெரியவர்.

என்ன செய்ய வேண்டும்? டைப் செய்யும் முன்பே அந்த நெட்டு வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, பார்மட்டை டெக்ஸ்ட் என மாற்றிட வேண்டும். அல்லது எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைப் போட்டு டைப் செய்திடலாம். அந்தக் குறி செல்லில் தெரியாது. ஆனால் உயரத்தைக் கணக்கில் பயன்படுத்துவதாக இருந்தால் இரண்டும் வேண்டாம். 5.7 என்று புள்ளி வைத்தும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் 5 அடி 10 அங்குலம் 5.10 ஆகி, எக்ஸெல் அதை 5.1 என்று சுருக்கி, 5.7-ஐ விடக் குள்ளமாக்கிவிடும். எல்லாவற்றையும் அங்குலமாக மாற்றுவதே சரி. =5*12+7 என்று செல்லில் அடித்தால் 67 என்று வந்துவிடும்.

இதே தொல்லை சீசன்களிலும் வரும். 2014-15 என்று அடித்தால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் 15-வது மாதம் கிடையாது. 2011-12 என்று அடித்துப் பாருங்கள். 2011 டிசம்பர் ஆகிவிடும்.

மெக்டேவிட் போன பிறகு என்ன நடந்தது?

காபிக் கடைச் சண்டைக்கு வருவோம். டெப்ரின்கட் மெக்டேவிட்டால்தான் கோல் போட்டார் என்பது உண்மையானால், மெக்டேவிட் 2015-ல் எட்மன்டன் அணிக்குப் போன பிறகு கோல் குறைந்திருக்க வேண்டும். எரீ அணியில் டெப்ரின்கட்டின் மூன்று சீசன்கள் இவை. சீசன், ஆட்டங்கள், கோல்கள், பாயின்ட்கள் என்ற வரிசையில் ஏ, பி, சி, டி என நான்கு நெட்டு வரிசைகளில் அடித்துக்கொள்ளுங்கள். முதல் படுக்கை வரிசையில் தலைப்புகள்.

2014-15: 68, 51, 104
2015-16: 60, 51, 101
2016-17: 63, 65, 127

முதல் இரண்டு சீசனிலும் 51 கோல். காபிக் கடையில் இதை வைத்துத்தான் "முன்னேற்றமே இல்லை" என்றார்கள். ஆனால் ஆட்டங்களின் எண்ணிக்கை வேறு. இ2 செல்லில் =சி2/பி2 என்று அடித்து என்டர் தட்டவும். (இங்கே தமிழில் அச்சாகியிருக்கும் செல் பெயர்களையும் பார்முலாக்களையும் நீங்கள் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்திட வேண்டும்.) 0.75 கிடைக்கும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் இருக்கிறதே, அதை மவுஸால் பிடித்து இரண்டு செல்கள் கீழே இழுத்துவிடுங்கள். 0.85, 1.03 என்று வரும். தசம இடங்கள் நீளமாக வந்தால் ஹோம் டேபில் டெசிமல் குறைக்கும் பட்டனைத் தட்டினால் போதும்.

மெக்டேவிட் இருந்தபோது ஆட்டத்துக்கு 0.75 கோல். போன பிறகு 0.85. அதற்கு அடுத்த ஆண்டு 1.03. பெரியவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். இந்த மூன்று எண்களைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனார். எதிர்க்கட்சி விடவில்லை. ஸ்ட்ரோம் 2015-16-லும் அங்கேதானே இருந்தான் என்றார்கள். பையனுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு வயது கூடுகிறது, எதிரில் ஆடுபவர்களோ அதே 16 முதல் 20 என்றார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். ஸ்ட்ரோம் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 2018-19 சீசனில் அரிசோனா அணியில் 20 ஆட்டங்களில் 6 பாயின்ட் எடுத்திருந்த ஸ்ட்ரோம், நடுவில் சிகாகோவுக்கு மாறி டெப்ரின்கட்டுடன் மீண்டும் சேர்ந்தார். மீதி 58 ஆட்டங்களில் 51 பாயின்ட். யாரால் யார் வளர்ந்தார்கள் என்பதை எக்ஸெல் சொல்லாது.

ஒரு லீகின் எண்ணை இன்னொரு லீகுக்கு மாற்றுவது

பையன்கள் லீகில் எடுத்த பாயின்ட் பெரியவர்கள் லீகில் எவ்வளவு பெறும்? ஹாக்கிப் புள்ளிவிவரக்காரர்களிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு லீகிலிருந்து என்.எச்.எல்.லுக்குப் போன எல்லோரையும் எடுத்து, அங்கே எத்தனை பாயின்ட், இங்கே எத்தனை என்று ஒப்பிட்டு ஒரு விகிதம் கண்டுபிடிப்பார்கள். கேப்ரியல் டெஜார்டின்ஸ் என்பவர் இதைப் பிரபலப்படுத்தினார். ஒன்டாரியோ லீகுக்கு அவர் கணக்கில் விகிதம் சுமார் 0.30. அதாவது அங்கே ஒரு பாயின்ட் இங்கே மூன்றில் ஒரு பங்கு கூடப் பெறாது.

எப்2 செல்லில் =டி2/பி2 அடித்து ஆட்டத்துக்கான பாயின்ட்டைக் கண்டுபிடியுங்கள். எச்1 செல்லில் 0.30 என்று அடித்துவிட்டு, ஜி2 செல்லில் =எப்2*எச்1*82 என்று அடிக்கவும். அந்த ஆண்டுகளில் என்.எச்.எல்.லில் ஒரு சீசனுக்கு 82 ஆட்டங்கள் என்பதால் 82. முதல் வரியில் 37.6 என்று சரியாக வரும். கீழே இழுத்தால்? பூஜ்யம், பூஜ்யம். ஏனென்றால் பார்முலாவைக் கீழே இழுக்கும்போது எச்1 என்பது எச்2, எச்3 என்று தானும் இறங்கிவிடும். அந்தச் செல்களில் ஒன்றுமில்லை. எச்1 நகரக் கூடாது என்று சொல்ல டாலர் குறி போட வேண்டும்: =எப்2*$எச்$1*82. பார்முலாவில் எச்1 மீது கர்சரை வைத்து எப்4 கீயைத் தட்டினாலும் டாலர் குறிகள் தாமே வந்து உட்காரும். சில லேப்டாப்களில் எப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

டெப்ரின்கட்டின் கடைசி ஜூனியர் சீசனுக்கு 49.6 வந்தது. 2017-18-ல் என்.எச்.எல்.லில் முதல் சீசனில் அவர் எடுத்தது 82 ஆட்டங்களில் 52 பாயின்ட். பெரியவர் மேஜையைத் தட்டினார்.

நான் மகிழ்ச்சியடையவில்லை. புரோகிராம் எழுதுகிறவனுக்கு ஒரே ஒரு டெஸ்ட் பாஸானால் சந்தேகம்தான் வரும். இன்னும் மூன்று பேரைப் போட்டுப் பார்த்தோம். மெக்டேவிட்டுக்குக் கணக்கு சொன்னது 62.8. எலும்பு முறிவால் 45 ஆட்டங்களே ஆடிய முதல் சீசனில் 48 பாயின்ட். 82 ஆட்டங்களுக்கு விரித்தால் 87.5. மிட்ச் மார்னருக்குக் கணக்கு 50.1, முதல் சீசனில் 77 ஆட்டங்களில் 61 பாயின்ட், விரித்தால் 65. நெயில் யாகுபோவ், 2012 டிராப்ட்டில் முதலாவதாக எட்மன்டன் எடுத்தவர், கணக்கு 40.4. ஆட்டங்கள் குறைக்கப்பட்ட 2012-13 சீசனில் 48 ஆட்டங்களில் 31 பாயின்ட், விரித்தால் 53.

யாகுபோவின் இந்த 53-ஐப் பாருங்கள். டெப்ரின்கட்டின் முதல் சீசன் 52. ஒருவர் ஊரே கொண்டாடிய முதல் தேர்வு, இன்னொருவர் 39-வது. முதல் ஆண்டின் முடிவில் இருவருக்கும் நடுவே ஒரு பாயின்ட்தான். அதன் பிறகு யாகுபோவ் அடுத்த சீசனில் 63 ஆட்டங்களில் 24 பாயின்ட்டுக்கு இறங்கினார். 2017-18-உடன் என்.எச்.எல். வாழ்க்கை முடிந்தது, மொத்தம் 350 ஆட்டங்கள், 136 பாயின்ட். டெப்ரின்கட் இரண்டு சீசன்களில் 41 கோல் போட்டார். முதல் சீசன் எண்ணைப் பார்த்துவிட்டு அன்று யாராவது "இருவரும் ஒன்றுதான்" என்று சொல்லியிருந்தால் எந்த பார்முலாவும் மறுத்திருக்காது.

இதற்கிடையில் நான் ஒரு தப்பு செய்தேன். உயரப்படி வரிசைப்படுத்திக் காட்டுகிறேன் என்று உயர நெட்டு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் பட்டனைத் தட்டினேன். எக்ஸெல் ஒரு டயலாக் பாக்ஸைக் காட்டி, பக்கத்து வரிசைகளையும் சேர்க்கட்டுமா என்று கேட்கும். அதில் எக்ஸ்பேண்ட் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் கன்டினியூ என்பதைத் தட்டிவிட்டேன். உயரங்கள் மட்டும் மேலும் கீழும் மாறின. பெயர்கள் அப்படியே நின்றன. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரியவர்தான் "தியோ பிளூரி எப்போது இரண்டு அங்குலம் வளர்ந்தார்?" என்றார். கன்ட்ரோல் + இசட் அழுத்தித் தப்பித்தேன். பைலை மூடிய பிறகு கவனித்திருந்தால் அந்த வழியும் போயிருக்கும். சார்ட் செய்யும் முன் பைலை வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்து வைத்துவிடுங்கள்.

மகள் கேட்ட கேள்வி

பெரியவர் இரண்டாவது ஒர்க்ஷீட் ஒன்றும் போட்டிருந்தார். இதுதான் வீட்டுக்குள் காட்டுவதற்கு. குள்ளமாக இருந்து, தேர்வாளர்கள் ஒதுக்கியும் ஜெயித்தவர்களின் பட்டியல். பெயர் ஏ வரிசையில், உயரம் பி-யில், என்.எச்.எல். ஆட்டங்கள் சி-யில். மார்ட்டின் சென்ட் லூயி, 68 அங்குலம், எந்த டிராப்ட்டிலும் எடுக்கப்படாதவர், 1134 ஆட்டங்கள். தியோ பிளூரி, 66 அங்குலம், 1987-ல் 166-வது தேர்வு, 1084 ஆட்டங்கள். ஜானி காட்ரோ, 2011-ல் 104-வது தேர்வு. 2024 ஆகஸ்டில் சாலை விபத்தில் இறந்துபோனார். அவர் ஆடியது மொத்தம் 763 ஆட்டங்கள். நோட்டில் அவருக்கு அப்போது அன்றைய எண்ணிக்கை இருந்தது. இங்கே முழுக் கணக்கைத் தருகிறேன். டெப்ரின்கட் இன்னும் இளைஞர் என்பதால் சேர்க்கவில்லை. கீழே =ஆவரேஜ்(சி2:சி4). விடை 993.67. நான் அதற்கு வண்ணத்தில் ஒரு சார்ட் படமும் போட்டுக் கொடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஞாயிறு சாப்பாட்டுக்கு மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். லேப்டாப்பைத் திருப்பி வைத்துக் காட்டினார். மருமகன், சென்ட் லூயியும் காட்ரோவும் கல்லூரியில் ஆடிவிட்டு வந்தவர்கள்தானே என்றார். அது உண்மைதான், மாமனாரின் பட்டியலிலேயே மருமகனுக்கு இரண்டு சாட்சிகள். மகள் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பா, நான் சின்ன வயதில் உங்களோடு ரிங்குக்கு வருவேனே, அங்கே ஆடிய குள்ளப் பையன்கள் எல்லாம் இதில் எங்கே?" என்று கேட்டாள்.

அவர்கள் போன பிறகு பெரியவர் டேபிள் லேம்ப் போட்டு உட்கார்ந்தார். நோட்டுகளைப் புரட்டியும் நினைவிலிருந்தும் 17 பெயர்களை அடித்தார். எல்லோரும் அவர் கண்ணால் பார்த்த நல்ல ஆட்டக்காரர்கள், குள்ளமானவர்கள். ஒருவரும் என்.எச்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அதனால் சி வரிசையில் ஒன்றும் அடிக்காமல் காலியாக விட்டார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, "யங் மேன், பதினேழு பேரைச் சேர்த்தேன், எண் அசையவே இல்லையே" என்றார். பார்முலாவை சி21 வரை நீட்டித்தான் இருந்தார். விடை அதே 993.67.

தயவுசெய்து இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். ஆவரேஜ் என்ற பார்முலா காலிச் செல்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. இருபது வரிகளில் பதினேழு காலி என்றால், மீதி மூன்றைக் கூட்டி மூன்றால் வகுத்துவிடும். காலிச் செல்லும் பூஜ்யமும் எக்ஸெல்லுக்கு ஒன்றல்ல. நாங்கள் 17 செல்களிலும் 0 என்று அடித்தோம். விடை 149.05.

வீட்டுக் கணக்கிலும் இது நடக்கும். பால் வாங்காத நாட்களைக் காலியாக விட்டுவிட்டு மாதச் சராசரி எடுத்தால், தினமும் வாங்கியது போன்ற எண் வரும். காலிச் செல்கள் எத்தனை என்று தெரிய =கவுன்ட்பிளாங்க்(சி2:சி21) என்று அடிக்கலாம். பூஜ்யங்களை மட்டும் எண்ண =கவுன்ட்இஃப்(சி2:சி21,0). இன்டர்நெட்டிலிருந்து பட்டியல்களை எடுத்து ஒட்டும்போது இந்த இரண்டையும் முதலில் போட்டுப் பார்த்துவிடுவது என் வழக்கம். டிராப்ட் பட்டியல்களிலும் என்.எச்.எல்.லில் ஆடாதவர்களுக்கு ஆட்டங்கள் கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். 2016 டிராப்ட்டின் 211 பெயர்களையும் எடுத்து ஒட்டினால் கீழே போகப் போக அந்தக் காலிக் கட்டங்களைப் பார்க்கலாம்.

149.05 என்பதும் பேரனின் எதிர்காலத்தைச் சொல்லும் எண் கிடையாது. அந்தப் பதினேழு பேர் ஒருவருக்கு நினைவிருந்தவர்கள், அவ்வளவுதான். மறந்துபோனவர்கள் எத்தனையோ. அதை நான் பெரியவரிடம் சொன்னேன். தலையாட்டினார். அந்த வண்ணச் சார்ட்டை அவரே அழித்தார். டிலீட் கீயை எங்கே அழுத்துவது என்று மட்டும் என்னைக் கேட்டார்.

2023 ஏப்ரலில் ஒன்டாரியோ லீக் தேர்வு நடந்தது. 15 சுற்றுகள். லேப்டாப்பில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நானும் கூட உட்கார்ந்திருந்தேன். பேரன் பெயர் வரவில்லை. பையன் பள்ளியிலேயே ஆடட்டும் என்று வீட்டில் முடிவானது. மாமனாரும் மருமகனும் அதன் பிறகு சண்டை போட்டதாகத் தெரியவில்லை. ஜூலையில் டெப்ரின்கட்டும் ஒட்டாவாவை விட்டு டெட்ராய்ட்டுக்கு, பிறந்த ஊரின் பக்கமாகவே போய்விட்டார். ஒட்டாவாவில் அந்த ஒரே சீசனில் 27 கோல். அது போதுமா போதாதா என்று காபிக் கடையில் இன்னொரு சுற்று நடந்தது.

எக்ஸெல் உங்களிடம் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்திடலாம். அதில் உள்ள கால்க் புரோகிராமில் மேலே சொன்ன பார்முலாக்கள் எல்லாம் அப்படியே இயங்கும். ஆவரேஜ் காலிச் செல்களை ஒதுக்குவதும் அப்படியே.

நான் 2024-ல் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். ஒவ்வொரு சீசன் முடிவிலும் பெரியவர் அந்தப் பைலை எனக்கு இமெயிலில் அனுப்புகிறார். உயரமெல்லாம் அங்குலத்தில், டாலர் குறிகள் சரியான இடத்தில். கடைசியாக வந்ததில் 22-வது வரியில் பேரனின் பெயர் புதிதாக இருந்தது. உயரம் 68 என்று இருந்தது. வளர்ந்திருக்கிறான். பார்முலாவையும் சி22 வரை நீட்டியிருந்தார். ஆட்டங்கள் கட்டத்தில் மட்டும் எதுவும் இல்லை. பூஜ்யம் அடிக்க மறந்துவிட்டீர்களா என்று எழுதிக் கேட்டேன். மறக்கவில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. ஆவரேஜ் 149.05-லேயே நிற்கிறது.